மூலன் மாடுகளும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சும்

என் பெரியப்பா தபால் தந்தி இலாகாவில் மெக்கானிக்காக இருந்த நாட்களில், மாவட்டத் தலைநகர் ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் இரண்டு மூன்று தடவை என்னை அழைத்துப் போயிருக்கிறார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், ஆளுயர இரும்புச் சட்டங்கள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றில் பொருத்தியிருந்த நூற்றுக்கணக்கான உலோகத் தண்டுகள் யாரும் தொடாமலே ‘டக் டக்’கென்று ஏறுவதும், ஏறிய மட்டத்திலிருந்து பக்கவாட்டில் சுழன்று எதையோ தேடுவதும், தேடியது கிடைத்ததும் அப்படியே அசையாமல் நிற்பதும், சிறிது நேரம் கழித்துத் தளர்ந்து விழுந்து பழைய நிலைக்குத் திரும்புவதுமாக இருக்கும். ஊரில் எவரோ ஒருவர் டயலில் ஏழைச் சுற்றினால் இங்கே ஒரு தண்டு ஏழு படி ஏறும். பிறகு தானாகவே சுழன்று, அந்த மட்டத்தில் எந்த வழி காலியாக இருக்கிறதென்று துழாவும். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு நடுவில் நிற்பார். “மூணாவது ரேக்கில ஒண்ணு இழுக்குது” என்பார்; போய்ப் பார்த்தால் இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இந்த யந்திரத்தை உலகுக்குத் தந்தவர் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற அமெரிக்கர். கான்ஸாஸ் நகரத்தில் பிணங்களை அடக்கம் செய்யும் தொழில் நடத்தியவர். டெலிபோன் பெண்மணி தனக்கு வரவேண்டிய அழைப்புகளை எதிர்க்கடைக்காரனுக்குத் திருப்பிவிடுகிறாள் என்ற சந்தேகத்தில்தான் மனிதக் கை படாத எக்ஸ்சேஞ்சு ஒன்றை அவர் யோசித்தார் என்று சொல்லுவார்கள். 1891-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். சரீரங்களோடு பழகிய ஒருவர் கண்ட யந்திரம் என்பதனாலோ என்னவோ, அந்த அறையில் தொழில் வேறு, தொழிலைச் செய்யும் பொருள் வேறு என்று பிரித்துப் பேசவே இடமில்லாதிருந்தது. வழி தேடுதல் என்ற காரியம் தண்டு சுழல்வதுதான். தண்டு சுழலாவிட்டால் தேடுதலும் இல்லை. திரவியம், குணம், கர்மம் என்று பதார்த்தங்களை வகுத்த வைசேஷிகர், கர்மம் திரவியத்தைப் பற்றியே நிற்கும், தனித்து ஒருபோதும் நில்லாது என்று சாதித்ததை ஒரு பையனுக்கு விளக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திராது.

அந்தப் பாடத்தை மறுப்பது போலத் தோன்றும் காரியம் ஒன்று பிற்காலத்தில் நடந்தது. 2012 அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கூடிய மாநாடு ஒன்றில், ஏ.டி. அண்ட் டி., பிரிட்டிஷ் டெலிகாம், டாய்ச்ச டெலிகாம், டெலிஃபோனிகா, என்.டி.டி., சைனா மொபைல் முதலான பதின்மூன்று தொலைத்தொடர்பு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் கூட்டாக ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டார்கள். அதிலிருந்த குறை, நம் ஊர்க் கூட்டுக்குடும்பங்களில் கேட்கும் குறைதான்: பெட்டிகள் பெருகிவிட்டன, வைக்க இடமில்லை. வலைப்பின்னலில் வழிகாட்டும் ரூட்டருக்கு ஒரு பெட்டி, வேண்டாதவரை வாசலில் நிறுத்தும் ஃபயர்வாலுக்கு ஒரு பெட்டி, சந்தாதாரர் இன்னார் என்று பதிவு வைத்திருக்க ஒன்று, அவர் ஊர்விட்டு ஊர் போகும்போது பின்தொடர ஒன்று; ஒவ்வொன்றும் வெவ்வேறு கம்பெனியின் தயாரிப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி மின்சாரம், தனியே பழகிய ஆள்; வாங்கி நிறுவிப் பழகி முடிப்பதற்குள் அதன் ஆயுளும் முடிந்துவிடுகிறது. இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம், அந்தத் தொழில்களையெல்லாம் பெட்டியிலிருந்து உருவி மென்பொருளாக்கி, சந்தையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரண சர்வர்களில் குடியேற்றிவிடுவது. ஒரே சர்வரைப் பல சர்வர்கள் போலப் பங்கிட்டுக் காட்டும் வித்தையை ஐ.பி.எம். கம்பெனி 1960-களிலேயே கண்டுவிட்டது. அந்தப் பங்கீட்டைச் செய்யும் ஹைப்பர்வைசர் என்ற அடுக்கின் மேல் இன்று ரூட்டர் குடியிருக்கலாம், நாளை அதே இடத்தில் ஃபயர்வால் குடியிருக்கலாம். இதை நடத்த அந்த ஆண்டு நவம்பரிலேயே ஐரோப்பியத் தர அமைப்பான எட்ஸியின் கீழ் ஒரு குழு அமைந்தது. எட்ஸியின் தலைமையகம் இருக்கும் பிரெஞ்சுத் தொழில்நுட்பப் பூங்காவின் பெயர் சோபியா அன்டிபோலிஸ். சோபியா என்றால் கிரேக்கத்தில் ஞானம். இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

தமிழில் இதற்கு மெய்நிகராக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உயிரின் துணையின்றி இயங்காத எழுத்து. பெயர் வைத்தவர் முதல் பொருளை மட்டும் மனத்தில் கொண்டு, ‘உண்மை போன்றது’ என்று சொல்ல நினைத்திருக்கலாம். ஆனால் இரண்டாவது பொருளே இங்கே ஆழமாகப் பொருந்துகிறது. ஹைப்பர்வைசர் தருவது உண்மைக்கு நிகரான ஒன்றையன்று, உடம்புக்கு நிகரான ஒன்றையே.

இந்தச் சங்கதியைக் கேள்விப்பட்டதும், வாராவாரம் வேதாந்த வகுப்பு நடத்தும் என் நண்பர் ஒருவர் குதூகலித்துப் போனார். “பார்த்தீர்களா, தொழில் பெட்டியைச் சார்ந்ததல்ல என்று வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டான், உடம்பு அழிந்தாலும் ஆத்மா வேறு உடம்பில் புகும் என்பதற்கு இனி என்ன சாட்சி வேண்டும்?” என்றார். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுக்கும் இன்னொரு நண்பரோ, அதே செய்தியை எடுத்துக்கொண்டு நேர் எதிர்த் திசையில் போனார். மனம் என்பது மூளை என்ற சர்வரில் ஓடும் நிரலே. எந்தப் பொருளால் ஆனது என்பதல்ல, என்ன தொழில் செய்கிறது என்பதே மனத்தின் இலக்கணம். ஆகவே ஆத்மா என்று ஒன்றைத் தேடவே வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியை 1960-களில் நிலைநாட்டிய ஹிலரி பட்னம் என்ற அமெரிக்க ஞானியே பிற்காலத்தில் அதைக் கைவிட்டுவிட்டார் என்று நான் நினைவூட்டியபோது, “கைவிட்டது அவர், கட்சி கைவிடவில்லை” என்று பதில் வந்தது. இருவரும் ஒரே கயிற்றின் இரு முனைகளைப் பிடித்து இழுக்கிறார்கள் என்றும், கயிறே பிடிக்கத் தகாத கயிறு என்றும் எனக்குத் தோன்றுகிறது. பெட்டி விட்டுப் பெட்டி பாய்வது உயிர்தான் என்று இருவருமே எண்ணிவிட்டார்கள். ஒருவர் அதை நித்தியமென்று வணங்குகிறார், மற்றவர் அதை வெறும் நிரலென்று தள்ளுகிறார். பாய்வது உயிர்தானா என்று மட்டும் யாரும் நின்று கேட்கவில்லை.

கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதை நமக்குப் புதிதன்று. கயிலையிலிருந்து பொதிகைக்கு அகத்தியரைக் காணப் புறப்பட்ட யோகியார் ஒருவர், திருவாவடுதுறையை அடுத்த சாத்தனூரில் காவிரிக் கரையோரம் வரும்போது, மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவன் உடம்பைச் சுற்றிச் சுழன்று, நக்கி, மோந்து கதறுவதையும் கண்டு, அவற்றின் துயரம் தாளாமல் தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்து திருமூலராக எழுந்தார் என்று சேக்கிழார் பெருமான் சொல்லுகிறார். பசுக்களுக்கு ஆனந்தம். மேய்ப்பன் எழுந்துவிட்டான், மேய்ச்சல் நடக்கிறது, தண்ணீர்த் துறைக்கு ஓட்டுகிறான், நிழலில் நிறுத்துகிறான். மாலையில் அவை வழக்கம்போல் வீடு போய்ச் சேர்ந்தன.

இதுவரை கதை முழுவதும் தொலைத்தொடர்புக்காரர் பக்கமே பேசுகிறது. தொழிலைச் செய்பவர் மாறிவிட்டார், தொழிலில் மாற்றமில்லை, பயன் பெறுவோருக்குக் குறையில்லை. 1974-ல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபர்க் என்ற இருவர், மெய்நிகர் யந்திரம் என்பதற்கு இலக்கணம் வகுத்தபோது வைத்த முதல் நிபந்தனையும் இதுதான்: மெய்யான யந்திரத்தில் ஒரு நிரல் எவ்வாறு நடந்துகொள்ளுமோ அவ்வாறே மெய்நிகரிலும் நடந்துகொள்ள வேண்டும், கால தாமதத்தாலும், கிடைக்கும் வளங்களின் அளவாலும் வரும் வேறுபாடு மட்டும் பொறுக்கப்படும். பசுக்கள் இந்த இலக்கணத்தைப் படித்தவை போலவே நடந்துகொண்டன.

ஆனால் சேக்கிழார் கதையை அங்கே நிறுத்தவில்லை. பொழுது சாய்ந்தும் கணவன் வராததால் பயந்துபோன மூலன் மனைவி தேடிக்கொண்டு வருகிறாள், தீண்டப் போகிறாள், உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அவர் விலகி, ஊர்ப் பொதுமடத்துக்குள் போய் யோகத்தில் அமர்ந்துவிடுகிறார். அவள் இரவு முழுவதும் உறங்காமல் கிடந்து, மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள்; அவர்கள் வந்து பார்த்து, இது நம்மால் தீரும் காரியமன்று என்று அவளைத் தேற்றி அனுப்பிவிடுகிறார்கள். திருமூலரைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பெண்ணை அநேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். மூவாயிரம் பாடலைத் தரப்போகும் மகானுக்கு முன் ஓர் இடைச்சியின் துக்கம் எவ்வளவு! எனக்கோ இந்தக் கதையில் தத்துவம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று படுகிறது. பசுக்களுக்கு வேண்டியது மேய்ப்பு. அது மறுபடி கிடைத்துவிட்டதால் மூலன் செத்த துக்கம் அவற்றுக்கு அத்தோடு தீர்ந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது மூலன். அதே முகம், அதே தோள், அதே குரல் இருந்தும் அவன் அங்கே இல்லையென்பது அவளுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. ஆக, ‘ஒன்று மற்றொன்றுக்கு நிகர்’ என்று நாம் சொல்லும்போதெல்லாம், யாருக்கு நிகர் என்ற கேள்வி பின்னால் நிற்கிறது. பசுவைக் கேட்டால் ஒரு விடை, மனைவியைக் கேட்டால் வேறு விடை.

இனி, பாய்வது எது என்று பார்க்கலாம். என் தங்கை மகன் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இந்த வேலையைத்தான் செய்கிறான். ஒரு நாள் அவர்களுடைய சோதனைக்கூடத்துக்கு அழைத்துப் போய், மேஜையில் கிடந்த இரண்டு போன்களில் ஒன்றை என் கையில் கொடுத்து, “மாமா, காதுல வெச்சுக்கிட்டே இருங்க, இப்போ இந்த சர்வரைக் காலி பண்ணப் போறேன்” என்றான். அடுத்த அறையிலிருந்து அவன் தோழன் ஒருவன் மற்ற போனில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான். அந்தக் குரல் சுவரைத் துளைத்து வரவில்லை, முதல் சர்வரில் குடியிருந்த ஒரு மென்பொருளின் வழியாக வந்துகொண்டிருந்தது. அவன் விசையைத் தட்டினான். சர்வர் அடுக்கில் பச்சை விளக்குகள் முன்போலவே மினுங்கின. “...முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு...” எண்ணிக்கை ஒழுங்காகத்தான் வந்தது. “முடிஞ்சுது மாமா, வேற ரேக்குக்குப் போயிடுச்சு” என்றான். நான் நம்பவில்லை. அவன் திரையில் ஓடிய எண்களைக் காட்டினான்: நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்த வரிகளில் ஒரே ஒரு வரி காணாமற் போயிருந்தது.

இது எப்படி நடக்கிறதென்று அவன் விளக்கிய விதம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்தது. மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஞாபகம் முழுவதும், பக்கம் பக்கமாக, புது சர்வருக்குப் பிரதி எடுக்கப்படுகிறது. பிரதி எடுத்து முடிப்பதற்குள் சில பக்கங்கள் மாறிவிடும், மாறியவற்றை மட்டும் மறுபடி பிரதி எடுக்கிறார்கள், அதற்குள் இன்னும் சில மாறும், அவற்றையும் எடுக்கிறார்கள். மிச்சம் மிகச் சிறிதாகும்போது, பழைய இடத்தில் ஓட்டத்தை ஒரு கணம் நிறுத்தி, கடைசிச் சில பக்கங்களையும், பிராஸஸர் எந்த வரியில் நின்றதென்ற குறிப்பையும் அனுப்பிவிட்டுப் புது இடத்தில் எழுப்புகிறார்கள். எழுந்ததும் அது செய்யும் முதல் காரியம், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று வலைப்பின்னல் முழுதும் கேட்கக் கூவுவது; அதைக் கேட்டபின் மற்ற யந்திரங்கள் கடிதங்களைப் புது விலாசத்துக்கு அனுப்பத் தொடங்குகின்றன. இந்த முறையை 2005-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் விவரித்தவர்கள், நிற்கும் அந்தக் கணத்தை 60 மில்லிசெகண்டு வரை குறுக்கிக் காட்டியிருக்கிறார்கள். இமை கொட்டும் நேரத்திலும் குறைவு.

கவனித்தால், இங்கே போனது எது? ஞாபகம், எங்கே நின்றோம் என்ற குறிப்பு, அடுத்து என்ன செய்ய வேண்டுமென்ற நியதி. சைவ சித்தாந்தம் இதற்கு வைத்திருக்கும் பெயர் உயிர் என்பதன்று, புரியட்டகம் என்பது. சத்தம், பரிசம், உருவம், இரசம், கந்தம் என்ற ஐந்து தன்மாத்திரைகளும், மனம், புத்தி, அகங்காரம் என்ற மூன்றும் சேர்ந்த எட்டினால் ஆன நுண்ணுடம்பு அது. தூல சரீரம் விழும்போது அதுவே வினையைச் சுமந்துகொண்டு அடுத்த சரீரத்துக்கு ஆன்மாவோடு போகிறது. ஆனால் எவ்வளவு நுண்ணியதானாலும் அது மாயையிலிருந்து தோன்றியது, ஜடம். கல் எவ்வளவு ஜடமோ, மனமும் அவ்வளவு ஜடமே என்று கூசாமல் சொன்னது நம் பெரியோரின் துணிவு. நிரல் கண்ணுக்குத் தெரிவதில்லை, பெட்டிக்குப் பெட்டி போகிறது, பெட்டியை உயிர்ப்பிக்கிறது என்ற மூன்று காரணத்தால் அதை ஆத்மாவென்று என் வேதாந்த நண்பர் கும்பிட்டால், சித்தாந்தி சிரிப்பான். அதையே மனமென்று சொல்லி அத்தோடு ஆத்ம விசாரம் முடிந்ததென்று என் கல்லூரி நண்பர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தால், மனம் ஜடமென்பதை நான் என்றைக்கோ சொல்லியாயிற்றே, விசாரம் அதற்கப்பால் அல்லவா ஆரம்பிக்கிறது என்று மறுபடியும் சிரிப்பான்.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். சாவைப் பற்றி இந்தத் தொழிலில் ஒரு கொள்கை மாற்றமே நேர்ந்திருக்கிறது. பெரியப்பா காலத்தவர் அமரத்துவத்தை நம்பியவர்கள்: பெட்டி சாகக் கூடாது. நூற்றுக்கு 99.999 பங்கு நேரம் ஓட வேண்டும் என்பது அவர்கள் வேதம். ஆண்டுக்கு ஐந்தே கால் நிமிஷத்துக்கு மேல் நின்றால் அபசாரம். சர்வர் உலகத்திலிருந்து வந்தவர்களோ மறுபிறப்பை நம்புகிறவர்கள்: செத்தால் சாகட்டும், நொடியில் இன்னொன்றை எழுப்பிக்கொள்வோம் என்பார்கள். பழைய யந்திரங்கள் பெயர் வைத்து வளர்த்த நாய்க்குட்டிகள், புதியவை எண் குத்திய மந்தை மாடுகள், ஒன்று போனால் இன்னொன்று என்று அவர்களுக்குள் ஒரு வசனமே வழங்குகிறது. மேல்நாட்டுப் பண்ணைகளில் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். எங்கள் ஊரில் மயிலை, செவலை, காரி என்று பெயரில்லாத மாட்டை நான் கண்டதில்லை. மயிலை செத்த அன்று அடுப்பு மூட்டாத வீடுகளை அறிவேன். மாடு மேய்ப்பனுக்கு அழுத கதையைச் சொல்லிவிட்டு, மாட்டுக்கு அழும் மேய்ப்பர்களைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. முன்பெல்லாம் பெட்டி பழுதானால் பிடித்து உலுக்க ஒரு கம்பெனியின் குடுமி இருந்தது. இப்போது நிரலை எழுதியவர் ஹைப்பர்வைசரைக் கைகாட்டுகிறார், ஹைப்பர்வைசர்காரர் சர்வரைக் கைகாட்டுகிறார், சர்வர்காரர் நிரலையே திரும்பக் கைகாட்டுகிறார். கர்மம் நடந்திருக்கிறது, கர்த்தா அகப்படவில்லை.

சர்வர் உடம்பு, நிரல் உயிர் என்ற உவமை எவ்வளவு தூரம் செல்லும் என்று அளக்க என்னிடம் இருக்கும் முழக்கோல் ராமானுஜர் கொடுத்தது. சரீரம் என்றால் என்ன என்று ஸ்ரீபாஷ்யத்தில் விசாரிக்கும்போது அவர், கை கால் உடையது என்றோ, ஐம்பூதத்தால் ஆனது என்றோ, புலன்களுக்கு இருப்பிடம் என்றோ இலக்கணம் சொல்லாமல், உறவை வைத்து இலக்கணம் சொன்னார்: எந்தத் திரவியம் ஒரு சேதனனால் முழுவதும் தாங்கப்பட்டு, அவனாலேயே நடத்தப்பட்டு, அவன் பொருட்டே இருக்கிறதோ அது அவனுக்குச் சரீரம். என்ன அற்புதமான இலக்கணம்! பொருளை விட்டு உறவைப் பிடித்ததால்தான், உலகம் முழுவதையும் இறைவனுக்குச் சரீரமென்று அவரால் சொல்ல முடிந்தது. இந்தக் கோலால் அளந்தால் சர்வர் தேறவில்லை. நிரலைச் சர்வர் தாங்குகிறதே தவிர, சர்வரை நிரல் தாங்குவதில்லை. நிரல் போனாலும் சர்வர் அடுத்த குடித்தனக்காரனுக்கு வாடகைக்குக் கிடைக்கும். நடத்துவதும் நிரலன்று, மேலே ஹைப்பர்வைசர், அதற்கும் மேலே ஒருங்கிணைப்பு மென்பொருள். யார் பொருட்டு என்ற மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. சர்வர் நிரலின் பொருட்டு இருக்கிறதா? இல்லை, நிரலாவது தன் பொருட்டு இருக்கிறதா? அதுவும் இல்லை. கட்டில், மெத்தை, தலையணை எல்லாம் சேர்ந்து கிடந்தால் அவை தமக்காகக் கிடக்கவில்லை, படுக்க வருகிற ஒருவன் உண்டு என்று சாங்கியர் வாதிட்டதுபோல, சர்வரும் நிரலும் ஹைப்பர்வைசரும் கம்பியும் ஒன்றுசேர்ந்து இராப் பகலாக விழித்துக்கொண்டிருந்தால் அவை தமக்காக விழித்திருக்கவில்லை. அத்தனையும் சேர்ந்து ஒரு கட்டில். படுப்பவர் கூட்டத்துக்கு வெளியே இருக்கிறார். ஒரு முனையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ‘ஹலோ’ என்கிறார்.

உடம்பிலிருந்து விடுதலை என்ற பேச்சும் எவ்வளவு தூரம் நிற்கும்? தொழிலைப் பெட்டியிலிருந்து விடுவித்த சில ஆண்டுகளிலேயே ஒரு குறை தெரிந்தது. பொதுச் சர்வரில் பல அடுக்குகளைத் தாண்டிப் போவதால் வேகம் போதவில்லை. ஆகவே இன்ன நிரலுக்கு இன்ன பிராஸஸர் கோர் என்று முளையடித்துக் கட்டினார்கள். நடுவிலுள்ள ஹைப்பர்வைசரை ஒதுக்கிவிட்டு, வலைப்பின்னல் கார்டின் ஒரு பங்கை நிரலின் கையிலேயே நேராகப் பிடித்துக் கொடுத்தார்கள். வேகம் வந்தது, ஆனால் அப்படிக் கட்டுண்டவற்றை என் மருமகன் காட்டிய வித்தைபோல் லேசில் இடம் பெயர்க்க முடியாமற் போயிற்று. வேண்டித்தான் பாசத்தை வாங்கிக்கொள்கின்றன போலும். ஜப்பானில் ராகுடென் நிறுவனம் 2020 ஏப்ரலில் முழுச் சேவையைத் தொடங்கியபோது, தொடக்கமுதலே வலைப்பின்னல் முழுவதையும் மெய்நிகராகவே கட்டியது என்று உலகமே பேசியது. அங்கும் டோக்கியோவின் மாடி விளிம்புகளில் ஆண்டென்னாக்கள் மழையில் நனைந்துகொண்டுதான் நிற்கின்றன. காற்றைத் தொடுகிற இடத்தில் ஓர் உலோகத் துண்டு வேண்டியிருக்கிறது. வைசேஷிகர் தோற்கவில்லை, கர்மத்துக்கு ‘இந்தத் திரவியம்தான்’ என்ற பிடிவாதம் போயிற்றே தவிர, ‘ஒரு திரவியம்’ வேண்டும் என்ற தேவை போகவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பௌத்தனுக்குப் பதில் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது. மிலிந்த மன்னனிடம் நாகசேனர் ரதத்தைக் காட்டி, அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகம் ரதமா என்று கேட்டுக்கேட்டு, ரதமென்பது இவற்றின் சேர்க்கைக்கு இட்ட பெயரே என்று நிறுத்தினார் அல்லவா? அவர் இன்று வந்தால், “கட்டிலுக்கு வெளியே படுப்பவன் ஒருவன் உண்டென்று எதைக்கொண்டு சொல்லுகிறாய்? அந்த ‘ஹலோ’ சொல்பவனும் கணத்துக்குக் கணம் பிரதியெடுக்கப்படும் பக்கங்களின் வரிசை அல்லவா? மாறியவற்றை மட்டும் மறுபடி எழுதி, ஓடும்போதே ஓடவிட்டு, இடையே அறுபது மில்லிசெகண்டு இருளை யாருக்கும் தெரியாமல் மூடிக்கொள்ளும் அந்த வித்தைதான் நான் சந்தானம் என்று சொன்னது” என்பார். நேர்மையாகச் சொல்லுகிறேன்: வாதத்தில் அவரை மடக்க எனக்குத் தெரியவில்லை. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியாகக் கேட்டு, கடைசியில் பௌத்தத்தில் போய் நின்றதற்குக் காரணம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நாகசேனர் ரதத்தில் ஏறி வந்தவனை விசாரித்தாரே தவிர, வீட்டு வாசலில் நின்று ரதத்தின் வருகையைப் பார்த்துக்கொண்டிருந்தவளை விசாரித்தாரா என்று ஒரு கேள்வி எனக்குள் மிஞ்சுகிறது. சந்தானத்துக்கும் சந்தானத்துக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது மூலன் மனைவி போன்றவர்களின் வேலை. அவர்கள் எந்தப் பிரமாணத்தால் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை எந்தத் தர்க்க நூலும் எனக்குச் சொல்லவில்லை.

சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வந்து, வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மருமகனுடைய சொந்தப் போன் அடித்தது. ஊரிலிருந்து என் தங்கை. பேசும்போது நம் குரல் அப்படியே கம்பியில் போகிறதென்று நான் நினைத்திருந்ததை அன்று காலைதான் அவன் திருத்தியிருந்தான். போன் நம் குரலை அனுப்புவதில்லையாம். நொடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் தொண்டையும் வாயும் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு ஒரு கணக்குக் குறிப்பை மட்டும் எழுதி அனுப்புகிறதாம். அந்தக் குறிப்பைப் படித்து மறுமுனைப் போன் புதிதாக ஒரு குரலைச் செய்து காதில் சொல்லுகிறதாம். ஆக அவள் கேட்கப்போவது அவன் குரலேயன்று; குரலுக்கு நிகரான வேறொன்று; அதுவும் எத்தனை சர்வர்களில், எத்தனை பிரதிகளாகி, யார் யாரோ கைகாட்டும் எத்தனை அடுக்குகளைத் தாண்டி வரப்போகிறதோ. அவன் தேநீரை ஒரு கையில் வைத்துக்கொண்டு, “சொல்லும்மா” என்றான், அவ்வளவுதான்.

“ஏண்டா, ராத்திரி தூங்கலியா?” என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

அவன் என்னைப் பார்த்தான். முந்தின இரவு முழுவதும் அவன் அந்தக் கூடத்தில்தான் இருந்தான் என்பதை என்னிடம்கூட அவன் சொல்லியிருக்கவில்லை.